முகம் திருப்புதல்

2006ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனியின் பேடண்ட் மனு ஒன்று அமெரிக்காவில் பிரசுரமாயிற்று. விஷயம் இதுதான். டெலிவிஷன் ஒளிபரப்போடு கூடவே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சமிக்ஞையும் அனுப்பப்படும். இப்போது வருவது விளம்பரம் என்று அது பெட்டிக்குச் சொல்லும். அந்தச் சமிக்ஞை இருக்கும்வரை, வீட்டில் உட்கார்ந்திருப்பவர் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் சானல் மாறாது. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்துப் பிறகு பார்க்கிறவருக்கும் தப்ப வழியில்லை. விளம்பரம் வரும் இடத்தில், வேகமாக ஓட்டிப்போகிற வசதி நின்றுவிடும். விளம்பரம் முடிந்ததும் எல்லாம் பழையபடி.

மனுவைத் தயாரித்தவர்கள் அசடர்கள் இல்லை. பார்க்கிறவர்கள் இதைக் கண்டு வெகுவாக ஆத்திரப்படக்கூடும் என்று அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுகூட முதலில் நினைத்துக்கொள்வார்களாம். அதற்குப் பரிகாரமும் சொல்லப்பட்டிருக்கிறது: பூட்டுப் போட்டிருக்கிறது என்று திரையில் ஒரு அறிவிப்பு காட்டலாம். இன்னொன்றும் உண்டு. கட்டணம் செலுத்துகிறவருக்குப் பூட்டைத் திறந்துவிடலாம். செய்தி வெளிவந்து கூச்சல் கிளம்பியதும், தன் டெலிவிஷன் பெட்டிகள் எதிலும் இதை உபயோகிக்கும் உத்தேசம் இல்லை என்றும், விளம்பரம் இல்லாமல் பார்ப்பதற்கும் இதே ஏற்பாடு உதவும் என்றும் கம்பெனி விளக்கம் தந்தது. விவகாரம் அடங்கிற்று.

இம்மாதிரிச் செய்தி வந்தால் ஆர்வெல்லின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மவர்களுக்கும் பழக்கம். ‘1984’ நாவலில் வரும் திரையைத் தணிக்கலாம், அடியோடு நிறுத்த முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் அந்தத் திரை தன்னைப் பார்க்கிறவனைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவனுடைய விசுவாசம் தேவைப்பட்டது. பிலிப்ஸின் பூட்டுக்கு விசுவாசம் எதுவும் வேண்டாம். முப்பது விநாடி கண் வேண்டும். கண் தர இஷ்டமில்லையென்றால் காசு. எந்த சர்வாதிகாரியும் இப்படிப் பேரத்துக்கு இறங்கி வந்ததாகத் தெரியவில்லை. யோசிக்க வேண்டியிருப்பது இந்தப் பேரத்தைத்தான்.

கொஞ்சம் சரித்திரம் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் டெலிவிஷன் விளம்பரம் சட்டப்படி ஆரம்பமானது 1941 ஜூலை 1ஆம் தேதி. நியூயார்க்கில், ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால், புலோவா கம்பெனியின் கடிகாரம் சில விநாடிகள் திரையில் வந்து போயிற்று. செலவு 9 டாலர். ஒன்பதே வருஷத்தில் அதற்கு மறுமருந்து தேட ஆரம்பித்துவிட்டார் ஒருவர். ஸெனித் கம்பெனியின் தலைவர் யூஜின் மக்டொனால்டுக்கு விளம்பரங்கள் என்றால் வெறுப்பு. டெலிவிஷன் பெட்டிகளை விற்றுப் பிழைக்கிறவருக்கு இப்படி ஒரு வெறுப்பு இருந்ததே விசேஷம். 1950ல் அவருடைய கம்பெனி கொண்டுவந்த ரிமோட்டுக்குப் பெட்டியோடு இணைக்கும் ஒயர் ஒன்று இருந்தது. அது வீட்டிலிருப்பவர்களின் காலைத் தடுக்கிவிட்டது. 1955ல் வந்தது ‘ஃப்ளாஷ்மேட்டிக்’. துப்பாக்கி வடிவத்தில் ஒரு டார்ச் விளக்கு. பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் கண்கள். ஒரு மூலையில் வெளிச்சத்தை அடித்தால் படம் அப்படியே இருக்கும், சப்தம் மட்டும் நின்றுவிடும். தொந்தரவான விளம்பரங்களின் வாயை அடைக்கலாம் என்று சொல்லித்தான் ஸெனித் அதை விற்றது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே பெட்டியின் மேல் விழுந்தாலும் சானல் மாறியது என்பது வேறு விஷயம். 1956ல் ராபர்ட் ஆட்லர் அலுமினியக் கம்பிகளைத் தட்டி, மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பும் கருவியைச் செய்தார். பாட்டரிகூட இல்லாத சாமான். அது நிலைத்தது.

ஆக, இன்று சோம்பேறித்தனத்தின் சின்னமாகச் சொல்லப்படும் ரிமோட், வேண்டாம் என்று சொல்வதற்காகவும் பிறந்த கருவி. டெலிவிஷனோடு நாம் பேச முடியாது. அது ஒருவழிப் பாதை. பார்க்கிறவனுக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஒரே பதில் முகத்தைத் திருப்பிக்கொள்வது. 1955க்குப் பிறகு அந்தப் பதிலை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்ல முடிந்தது.

அடுத்து வந்தது டேப். ஸோனியின் பீட்டாமாக்ஸ் கருவிக்கு எதிராக யூனிவர்ஸலும் டிஸ்னியும் தொடுத்த வழக்கில், 1984 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று சொல்லிற்று. விளம்பரங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதும் அந்த வழக்கில் எழுந்த கவலைகளில் ஒன்று. அதற்குக் கீழ்க் கோர்ட் கண்ட சமாதானம் வேடிக்கையானது. விளம்பரத்தைத் தாண்ட வேண்டுமானால் டேப்பை ஓட்டி, அது எங்கே முடிகிறது என்று ஊகித்து நிறுத்த வேண்டும். பெரும்பாலோருக்கு அது அலுப்புத் தரும் வேலை. அதாவது, முகம் திருப்பும் சுதந்திரம் சிரமமானதாக இருக்கும்வரை அதனால் ஆபத்தில்லை. 2001ல், தானாகவே விளம்பரங்களைத் தாண்டிச் செல்லும் ரீப்ளே டிவி என்ற பதிவுப் பெட்டியின் மீது ஸ்டூடியோக்களும் நெட்வொர்க்குகளும் ஒன்றுசேர்ந்து பாய்ந்ததன் காரணம் இதில் இருக்கிறது. சிரமம் போய்விட்டது. வழக்கு முடிவதற்கு முன்பே, 2003ல், அந்தப் பெட்டியின் சொந்தக்காரரான ஸோனிக்ப்ளூ கம்பெனி திவாலாயிற்று.

இந்தச் சமயத்தில்தான், 2002ல், டர்னர் ப்ராட்காஸ்டிங்கின் தலைவராயிருந்த ஜேமி கெல்னர் ஒரு பேட்டியில், விளம்பரத்தைத் தாண்டுவது திருட்டு என்றார். நிகழ்ச்சியைப் பெற்றுக்கொள்ளும்போதே விளம்பரத்தையும் பார்ப்பதாக நீங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்டீர்கள் என்பது அவர் வாதம். அப்படியானால் பாத்ரூம் போவது? அதற்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு முழுக்கச் சிரிக்க முடியவில்லை. கெல்னர் தம் தொழிலின் தர்மத்தை ஒளிக்காமல் சொன்னவர். நாடகமோ செய்தியோ ஆகாயத்திலிருந்து விழவில்லை. நடிகருக்கும் காமிராக்காரருக்கும் யாரோ சம்பளம் தருகிறார்கள். அனுபவித்துவிட்டு ஒன்றும் தராமல் எழுந்து போகிறவனுக்கு எந்தக் கடனும் இல்லையா என்ற கேள்வி நியாயமான கேள்வி. கலைஞன் பட்டினி கிடந்தால் அது கலையின் மகிமை என்று பேசுகிற நம் வழக்கத்தைவிட நாணயமானது என்றுகூடச் சொல்வேன்.

கடன் இருக்கலாம். அதைக் கவனத்தால் அடைக்க முடியுமா என்பதுதான் பிரச்சினை.

கனடாவில் டாலஸ் ஸ்மைத் என்ற பொருளாதாரக்காரர் 1977ல் ஒரு கட்டுரை எழுதினார். டெலிவிஷன் நிலையம் உற்பத்தி செய்யும் சரக்கு நிகழ்ச்சி இல்லை, பார்வையாளர் கூட்டம்தான். அந்தக் கூட்டம் விளம்பரதாரருக்கு விற்கப்படுகிறது. நிகழ்ச்சி, கூட்டம் சேர்ப்பதற்காகத் தரப்படும் இலவசத் தீனி. மேற்கத்திய மார்க்ஸியர்கள் சித்தாந்தம், பிரக்ஞை என்று பேசிக்கொண்டு இந்த எளிய வியாபாரத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அப்படியானால் கெல்னர் சொன்ன ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்துப் போட்ட கட்சிக்காரர்கள் இல்லை, சந்தையில் நிற்கும் மாடுகள். மாடு திருடிற்று என்று யாரும் புகார் சொல்வதில்லை. 1986ல் ஸட் ஜாலியும் பில் லிவன்டும் இன்னும் ஒரு படி மேலே போய், டெலிவிஷன் பார்ப்பதே ஒருவகை உழைப்பு, நிகழ்ச்சிதான் அதற்குக் கூலி என்று வாதித்தார்கள்.

இங்கே நான் அவர்களிடமிருந்து விலகுகிறேன். கூலிக்கு உழைப்பது என்ன என்பது வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவனுக்குத் தெரியாததல்ல. காலை பத்து மணியிலிருந்து என் கையும் கண்ணும் எனக்குச் சம்பளம் கொடுப்பவருடையவை. நோட்டை எண்ணுவேன், வவுச்சரைச் சரிபார்ப்பேன், சாயங்காலம் ரொக்கம் டேலியாக வேண்டும். ஆனால் மானேஜருக்கு வேண்டியது டேலியான ரொக்கம்தான். எண்ணிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு வாக்கியம் உருவாகிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, கண்டுபிடித்து ஆவதும் ஒன்றுமில்லை. இந்த ஓட்டை வழியாகத்தான் நம்மில் பாதிப் பேர் எழுதிக்கொண்டிருக்கிறோம். உழைப்பை அதன் விளைவால் அளக்கலாம். பார்ப்பதற்கு அப்படி ஒரு விளைவு வெளியே கிடைப்பதில்லை. விளம்பரதாரர் விலை கொடுத்திருப்பது மனசின் அந்த உள்ளறைக்குத்தான். அங்கே யாரும் தணிக்கை செய்ய நுழைய முடியாது.

ஆகவே தணிக்கைக்கு வழி தேடுகிறார்கள். ஸோனி கம்பெனி 2009ல் மனுச் செய்து 2012ல் ஒரு பேடண்ட் பெற்றது. அதில் ஒரு படம் இருக்கிறது. சோபாவிலிருந்து ஒருவன் எழுந்து, இரு கைகளையும் உயர்த்தி, திரையில் ஓடும் விளம்பரத்துக்குரிய கம்பெனியின் பெயரை, மக்டொனால்ட்ஸ் என்று, உரக்கக் கத்துகிறான். கத்தினால் விளம்பரம் முடிந்துவிடும். அதே 2009ல் வெளியான ஆப்பிள் கம்பெனியின் மனு ஒன்று, கண்டுபிடித்தவர்களில் ஸ்டீவ் ஜாப்ஸின் பெயரையும் தாங்கியது, கம்ப்யூட்டரில் விளம்பரம் ஓடும்போது மற்ற வேலைகள் எல்லாம் நின்றுவிடும்படியும், பார்த்ததற்கு அத்தாட்சியாகப் பார்ப்பவர் ஏதாவது பதில் செய்தாக வேண்டும்படியும் ஒரு முறையை விவரித்தது. பேடண்ட் எடுப்பதெல்லாம் நடைமுறைக்கு வருவதில்லை, பல சும்மா அலமாரியில் கிடப்பவை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோட்டுச் சித்திரத்தை மறக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நின்ற பையன் வளர்ந்து, சொந்த வீட்டு ஹாலில், சொந்தக் காசில் வாங்கிய பெட்டியின் முன் எழுந்து நிற்கிறான். கவனம் கடன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வசூல் செய்ய ஆள் வரத்தானே செய்யும்.

இதற்கு ஒரு பதில் உண்டு. யாரும் உங்கள் கழுத்தைப் பிடித்து வைத்திருக்கவில்லையே, பிடிக்காவிட்டால் பெட்டியை அணைத்துவிட்டுப் போங்களேன். இந்தப் பதிலின் பலத்தைச் சோதித்த வழக்கு ஒன்று டெலிவிஷனுக்கு அப்பால் நடந்தது. வாஷிங்டன் நகரத்து டிராம்களிலும் பஸ்களிலும் ஒலிபெருக்கி வைத்து, சங்கீதமும் இடையிடையே விளம்பரமுமாக ரேடியோவை ஒலிக்கவிட்டார்கள். பயணிகள் இருவர் ஆட்சேபித்தார்கள். 1952ல் சுப்ரீம் கோர்ட்டில் ஏழு பேர் பயணிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். தன்னைச் சும்மா விடும்படி கேட்கும் உரிமையே எல்லாச் சுதந்திரத்துக்கும் ஆரம்பம் என்ற அடிப்படையில் டக்ளஸ் தனியாக மறுப்புத் தீர்ப்பு எழுதினார். டிராமில் ஏறுகிறவன் விரும்பி வந்த சபையோன் அல்ல, வேறு வழியில்லாமல் வந்தவன் என்றார். இன்னொரு நீதிபதியான ஃப்ராங்க்ஃபர்ட்டர் வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார். அந்த ஒலிபெருக்கியால் தாமே அவதிப்பட்டிருப்பதால், தம் உணர்ச்சிகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியுமா என்று அவருக்குச் சந்தேகம். இந்த விஷயத்தில் எழுதப்பட்ட எந்த வாதத்தையும்விட அந்த விலகல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம்மூர் டவுன் பஸ்ஸில் பாட்டோடு பிரயாணம் செய்கிறவர்களுக்கு அவரைப் புரியும்.

காதுக்கு இமை கிடையாது. கண்ணுக்கு உண்டு, கழுத்தும் திரும்பும். அதனால் டிராம் பயணியைவிட டெலிவிஷன் பார்க்கிறவன் சுதந்திரமானவன்தான். ஆனால் பூட்டு அவனிடமிருந்து எடுத்துக்கொள்வது எதை என்று பார்க்க வேண்டும். சானல் மாற்றுவதும், சப்தத்தை நிறுத்துவதும், ஓட்டிவிடுவதும் சின்னச் சின்ன மறுப்புகள். இது வேண்டும், இது வேண்டாம், இதில் பாதி போதும் என்று சொல்லும் பாஷை அது. அதைப் பிடுங்கிக்கொண்டு, இருந்தால் முழுக்க இரு, இல்லையென்றால் எழுந்து போ என்பது, வாசகனிடம் புஸ்தகத்தின் பக்கங்களைத் தாண்டக்கூடாது என்று சொல்வதற்குச் சமம். பக்கத்தைத் தாண்ட முடியாத புஸ்தகத்தை யாரால் வாசிக்க முடியும்? மனப்பாடம் செய்யலாம்.

நல்ல காரியத்துக்காகப் பூட்டினால் என்ன என்று கேட்கலாம். கேட்கிறார்கள். இந்தியாவில் 2012 அக்டோபரிலிருந்து, புகைபிடிக்கும் காட்சி உள்ள படங்களைத் திரையிடும்போது, படத்தின் ஆரம்பத்திலும் நடுவிலும் புகையிலைத் தீமை பற்றிய குறும்படங்கள் காட்டப்பட வேண்டும், காட்சி வரும்போது திரையில் எச்சரிக்கை வாசகமும் வேண்டும் என்று விதி வந்தது. 2013ல் வூடி ஆலன் தம் படத்தில் அந்த வாசகத்தைச் சேர்க்க மறுத்து, படத்தை இங்கே வெளியிடாமலே இருந்துவிட்டார். அவர் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி என்பது என் அபிப்பிராயம். புற்றுநோயையும் பற்பசையையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். பார்க்கிறவனின் சொந்த நுரையீரலைப் பற்றி அவனிடம் சொல்வதற்கு ஒரு அரசாங்கத்துக்கு ஏதோ பாத்தியதை இருக்கிறது. ஆனால் தியேட்டரில் அப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஜனங்கள் ஸீட் நம்பர் தேடுகிறார்கள், செல்போனைத் துழாவுகிறார்கள், மாணவர்கள் கோஷ்டியாகச் சேர்ந்து அந்தக் குரலைப் பரிகாசம் செய்கிறார்கள். சாகக் கிடக்கும் ஒரு மனிதனின் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, அதைப் பார்க்காமலிருக்க ஒரு ஜனத்தொகையையே பழக்கியிருக்கிறோம். பற்பசை விளம்பரத்துக்கு இது நேர்ந்தால் நஷ்டமில்லை. அந்த முகத்துக்கு நேர்ந்தது நஷ்டம்.

1943ல் தம் முப்பத்து நான்காம் வயதில் இறந்துபோன ஸிமோன் வேய் கவனம் பற்றி யோசித்த அளவுக்கு இந்த நூற்றாண்டிலும் போன நூற்றாண்டிலும் வேறு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வகுப்பில் கவனி என்று சொன்னால் பிள்ளைகள் புருவத்தைச் சுருக்குகிறார்கள், மூச்சைப் பிடிக்கிறார்கள், தசைகளை இறுக்கிக்கொள்கிறார்கள். இரண்டு நிமிஷம் கழித்து எதைக் கவனித்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது என்கிறார் அவர். கவனம் அவருக்கு முயற்சி அல்ல. மனசைக் காலிசெய்துகொண்டு காத்திருப்பது. காத்திருப்பதை ஒருவன் இன்னொருவனிடமிருந்து நிர்ப்பந்தித்துப் பெற முடியாது. பெற முடிவது இறுகிய புருவம் மட்டுமே. ஆதலால் பூட்டு, தான் காவல் காக்கும் பொருளையே அழித்துவிடுகிறது. விளம்பரதாரருக்கு இது ஒரு பொருட்டில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குக் கவனம் தேவையில்லை. பெயர் எங்கேயாவது ஒட்டிக்கொண்டால் போதும். இறுகிய புருவத்தின் கீழேயும் பெயர்கள் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கின்றன.

நமக்கு அது போதாது. ஆனால் நாம் எவ்வளவு சுத்தம்? பாடப்புத்தகத்தில் தம் கவிதை இடம்பெற வேண்டும் என்று ஆசைப்படாத கவிஞர்களை விரல் விட்டு எண்ணலாம். மனப்பாடப் பகுதி என்பது சானல் பூட்டப்பட்ட கவிதை அல்லாமல் வேறென்ன? பதினான்கு வயதுப் பையன் அதைத் தாண்ட முடியாது. சொல்லிக் காட்டினால் மதிப்பெண், அதாவது கத்தினால் விளம்பரம் முடியும். அப்படித் திணிக்கப்பட்ட பெருங்கவிகளிடம் நாற்பது வயதுவரை திரும்பிப் போகாதவர்களை நான் அறிவேன். சிலர் போகவே இல்லை. கவியரங்கத்தில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அமைப்பாளரின் மனோபாவமும், அர்த்தமுள்ள எழுத்தை ஜனங்கள் படித்தே ஆகவேண்டும் என்று நம் கட்டுரைகளில் அவ்வப்போது ஏறும் குரலும், பிலிப்ஸ் மனுவுக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. முந்நூறு பிரதி அச்சடிக்கும் ஒரு பத்திரிகையின் கௌரவம், அந்த முந்நூறு பேரில் ஒவ்வொருவரும் இந்தப் பக்கத்தோடு அதை மூடி வைத்துவிடலாம் என்பதில் இருக்கிறது. மூடாமல் இருக்கிறவருக்காகத்தான் எழுதுகிறோம். பூட்டியிருந்தால் அவர் யார் என்று நமக்குத் தெரிந்தே இருக்காது.

2006க்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். பிலிப்ஸின் பூட்டு பெட்டிக்குள் வரவில்லை. வேறு வாசல் வழியாக வந்தது. 2022 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸ், குறைந்த கட்டணத்துக்கு விளம்பரத்தோடு கூடிய ஒரு திட்டத்தை அமெரிக்காவில் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் அமேசானின் ப்ரைம் வீடியோ, அதுவரை விளம்பரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கச் சந்தாதாரர்கள் எல்லாருக்கும் விளம்பரத்தைச் சேர்த்துவிட்டு, வேண்டாதவர்கள் மாதம் 2 டாலர் 99 சென்ட் கூடுதலாகக் கட்டலாம் என்றது. விளம்பரம் ஓடும்போது முன்னே தள்ளும் பொத்தான் இவற்றில் செத்துக் கிடக்கும். இன்னும் எத்தனை விநாடி என்று திரையின் ஓரத்தில் ஒரு எண் குறைந்துகொண்டு வரும். பெட்டி கெட்டுப்போகவில்லை என்று தெரிவிக்க அந்த மனு யோசனை சொன்ன அறிவிப்பு இதுதான். கட்டணமும் அது சொன்னபடியே. முணுமுணுப்பும் சில வழக்குகளும் இருந்தன. 2006ல் கிளம்பியது போன்ற ஆத்திரம் இல்லை. பூட்டைக் கண்டு கோபப்பட்டவர்களுக்கு, அதே பூட்டு விலைப்பட்டியலில் ஒரு வரியாக வந்தபோது அது பூட்டாகத் தெரியவில்லை.

ஒரு விசித்திரம் பாக்கி இருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டித் தப்பித்துக்கொள்கிறவன் கையில் பணம் உள்ளவன். கட்ட முடியாதவன் உட்கார்ந்து பார்க்கிறான். கார், விமானப் பயணம், வைர மோதிரம் எல்லாம் வரிசையாக அவன் முன்னால் வந்து போகின்றன. வாங்கக்கூடியவனின் கண்ணுக்காகத்தான் விளம்பரதாரர் பணம் கொடுத்தார். அவருக்குக் கிடைத்துக்கொண்டிருப்பது வாங்க முடியாதவனின் கண். இதை அவர்கள் கணக்கில் எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.